பவளாயி கொண்டுபோகாத சீர்

அந்தக் காலத்தில் கரும்புக் காட்டுக்குள் நின்று "யாருங்க உள்ளே?" என்று ஒரு குரல் விட்டால், எலி ஒரு பக்கம், எறும்பு ஒரு பக்கம், பூசணம் ஒரு பக்கம் என்று மூன்று பேராவது பதில் சொல்வார்கள். எலியும் எறும்பும் பேசின என்றால் நம்பிவிடுவீர்கள். பூசணம் பேசுமா என்றால் மட்டும் உங்கள் புருவம் ஏறும். பேசியது ஐயா, வாய் ஓயாமல் பேசியது. கரும்பு வெட்டி, காய்ந்த தோகையை, அதாவது சோகையைக் கொளுத்திய காட்டில், கரிந்த தூர்மேல் காவி நிறத்தில் பஞ்சு பூத்த மாதிரி நிற்குமே, பார்த்திருக்கிறீர்களா? அந்தக் காவிப் பூசணத்தின் கதைதான் இது.

அந்த நாளில் காவிப் பூசணத்துக்கு மூப்பு கிடையாது. தீயில் கருகும், வெள்ளத்தில் அழுகும், அதெல்லாம் உண்டு. ஆனால் வயதாகித் தளர்ந்து செத்தது என்று அவர்கள் குலத்தில் ஒரு ஆள்கூடக் கிடையாது. மூப்பு என்ற சொல்லே அவர்கள் பேச்சில் இல்லை. பிறகு எப்படி வந்தது என்கிறீர்களா? சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். அவசரத்தால் வந்த வினைதானே இவ்வளவும்.

பவானி ஆற்றுப் பாசனத்தில் ஒரு கரும்புக் காடு. நடுவே ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு வடக்கே பவளாயி என்றொரு காவிப் பூசணம் இருந்தாள். தெற்கே வேலாத்தா இருந்தாள். வேலாத்தாளுக்குப் பவளாயி முறைக்கு நங்கை, அதாவது நாத்தனார் உறவு. பவளாயிக்கு நிறம் என்றால் அப்படியொரு நிறம், பெயருக்கேற்ற பவளம். அந்தப் பெருமையும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. வேலாத்தா வெளிறிய மஞ்சள், சாது, சொன்னதற்குத் தலையாட்டுகிறவள்.

பூசணத்தின் உடம்பு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. உடம்பு முழுக்க நூல். நூலுக்குள் வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு குல ஏடு இருக்கும். என்ன நிறம், என்ன குணம், எப்படிக் கிளை விட வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஏட்டைச் சுற்றி அடுப்புகள். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். கரும்புச் சாறு அடுப்புக்குப் போகும், அடுப்பு எரியும், அந்தச் சூட்டில் நூலின் நுனி முன்னே ஓடும். அடுப்பு நின்றால் ஆள் நின்றாள்.

இதில் ஒரு வேடிக்கை. அடுப்பு எப்படி எரிய வேண்டும் என்கிற சங்கதி முழுவதும் குல ஏட்டில் இருக்காது. முக்கியமான கொஞ்சம், அடுப்பின் காதில் மாட்டிய ஒரு கயிற்றில் இருக்கும். வளையமாகக் கட்டிய கயிறு, அதில் வரிசையாக முடிச்சுகள். எப்போது விறகைத் தள்ளுவது, எப்போது ஊதுவது, எப்போது தணிப்பது என்று முடிச்சைத் தடவித்தான் அடுப்பு தெரிந்துகொள்ளும். ஓர் அடுப்பு இரண்டாகப் பிரியும்போது, பழைய கயிற்றைப் பார்த்து முடிச்சுக்கு முடிச்சு புதுக்கயிறு முடிந்து புது அடுப்புக்கு மாட்ட வேண்டும். அதுதான் வழக்கம்.

அந்தக் கயிற்றில் ஒரு சோம்பேறித் துண்டும் இருந்தது. அந்த இடத்தைத் தடவினால் விறகைப் பற்றி ஒன்றும் இருக்காது, ஊதுவதைப் பற்றி ஒன்றும் இருக்காது. 'என்னையும் சேர்த்து முடி' என்று மட்டும் இருக்கும். எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ, யாருக்கும் தெரியாது. விருந்துக்கு வந்த ஒறம்பரை ஒருவர் திரும்பிப் போகாமல் உட்கார்ந்துவிட்டால் எழுப்பியா விடுகிறோம்? கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அதையும் சேர்த்தே முடிந்துகொண்டிருந்தார்கள்.

அப்புறம் பிள்ளைப் பேறு. பூசணத்தில் ஆண் தனி, பெண் தனி என்று கிடையாது. தன் நூலாலேயே பானை மாதிரி ஒரு கருக்கூடு கட்டுவார்கள்; யார் அந்தப் பானை வைக்கிறாளோ அவள் தாய். யார் தன்மேல் பூத்த காவிப் பொடியைக் கொண்டுவருகிறாரோ அவர் தகப்பன். இந்த வருஷம் பானை வைத்தவள் அடுத்த வருஷம் பொடி கொடுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பொடி கொண்டுவருகிறவர் வெறுங்கையோடு வரக் கூடாது. தன் குல ஏட்டோடு, தன் வீட்டு அடுப்பிலும் சிலதைச் சீராகக் கொண்டுவந்து பானைக்குள் இறக்க வேண்டும். "எத்தனை அடுப்புச் சீர் வந்துச்சு?" என்று வரப்பில் இருக்கும் பூசணமெல்லாம் விசாரிக்கும். சீர் குறைந்தால் ஏழு வருஷம் பேசுவார்கள்.

பானைக்குள் பிறக்கும் கறுப்பு விதைக்கு மட்டும் ஒரு வரம் உண்டு. தீயில் வேகாது. மேலே தீ ஓடினால்தான் கண்ணே விழிக்கும். அதனால் சோகைக்குத் தீ வைக்கும் முன்பு பானை வைத்தவளுக்கே பிள்ளை. வைக்காதவளுக்கு இல்லை.

பவளாயிக்கு இதுவரை பிள்ளை இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது தடங்கல். இந்த வருஷம் பானை என் பக்கம்தான், வாய்க்கால் கரையில் வைக்கிறேன், நீ பொடி கொண்டுவா என்று வேலாத்தாளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். வேலாத்தாளும் சரியென்று தலையாட்டிவிட்டாள். வாய்க்கால் கரைக்குப் பவளாயி போய்ச் சேர இன்னும் நாற்பது பார், அதாவது நாற்பது வரிசைக் கரும்பு இருந்தது. ஆர அமரப் போகலாம் என்று இருந்தாள்.

அப்போதுதான் கட்டெறும்பு முனியன் மூச்சு வாங்க ஓடி வந்தான். ஊர்ச் செய்தியெல்லாம் அவன் வழியாகத்தான் வரும்.

"ஏனுங் பவளாயி, சங்கதி தெரியுமுங்களா? இன்னிக்கு எட்டாம் நாள் வெட்டுங். வெட்டி முடிச்ச கையோட சோகைக்குத் தீ வெக்கறாங்களாமா!"

"எட்டு நாளா? அடுத்த மாசம்னுதானே சொன்னே!"

"ஆலையில அரைக்கக் கரும்பு காலியாயிருச்சாமுங். நான் என்ன பண்ணட்டும்?"

பவளாயி கணக்குப் போட்டாள். நாற்பது பார், எட்டு நாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை. தன் அறைகளெல்லாம் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டாள்.

"அடுப்புகளா, கேட்டுக்கங்க! இனி எல்லாருக்கும் சமமாச் சாறு கிடையாது. எந்த அடுப்பு சீக்கிரமாக் கயிறு முடிஞ்சு ரெண்டாகுதோ, அதுக்குத்தான் முதல் சாறு!"

அதுவரை அவள் குலத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எரிகிற அடுப்புக்குச் சாறு என்பதுதான் சட்டம். கயிறு முடிகிற அடுப்புக்குச் சாறு என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக ஆனது. கெட்டது அங்கேதான்.

நுனி அறையில் ஓர் அடுப்பு இருந்தது. அது யோசித்தது. முழுக் கயிற்றையும் முடிந்தால் ஒரு பொழுது ஆகும். சின்னதாக ஒன்று முடிந்தால்? கயிற்றில் அந்தச் சோம்பேறித் துண்டு இருந்ததல்லவா, அதை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு குட்டி வளையம் கட்டியது. முழுக் கயிறு ஒன்று முடிகிற நேரத்தில் குட்டி வளையம் பத்து முடிந்தாயிற்று. முதல் சாறு அதற்குத்தான் போனது. பக்கத்து அடுப்பு பார்த்தது. சும்மா இருக்குமா? அதுவும் ஒரு குட்டி வளையத்தை வாங்கி மாட்டிக்கொண்டது.

முதல் இரண்டு நாள் பவளாயி குதிரை மாதிரி ஓடினாள். முப்பத்தைந்து பார் தாண்டினாள். மூன்றாம் நாள் நுனி கொஞ்சம் தயங்கியது. நான்காம் நாள், வாய்க்காலுக்கு இன்னும் இரண்டே பார் இருக்கையில், ஒரு பார் போவதற்குள் இருட்டிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் தன் பவள நிறமே சாயம் போன சேலையாக வெளுத்திருந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாற்றில் இனிப்பு குறைந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். முனியனைக் கூப்பிட்டு நக்கிப் பார்க்கச் சொன்னாள்.

"தேனாட்டம் இருக்குதுங்," என்றான் அவன், இன்னொரு தரம் நக்கிக்கொண்டே.

"அப்ப ஈரம் பத்தலையா?"

"நேத்துத்தானுங்களே தண்ணி கட்டுனாங்க. என்ற காலே சேத்துல மாட்டிக்கிச்சு."

"பொறவு எனக்கு என்னதான் ஆச்சு? தீ சுடலை, வெள்ளம் வரலை, கரும்புக்கும் குறைவில்லை. நான் மட்டும் எதுக்கு இப்படிக் கரையறேன்? கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையாட்டமல்ல இருக்குது!"

"அந்தப் பழமொழிய என்ற முன்னால சொல்ல வேண்டாமுங்," என்று முனியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் அவனுக்கு மனது கேட்கவில்லை. "எங்க எறும்புல இதுக்கு ஒரு பேரு இருக்குதுங். மூப்புன்னு சொல்லுவோம்."

"மூப்பா? அது எந்தப் பக்கமிருந்து வரும்?"

"வெளிய இருந்து வராதுங். உள்ள இருந்துதான் வரும்."

வெளியே தேடிப் பயனில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், என்னதான் இது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. ஒவ்வோர் அறையாக உள்ளே பார்த்துக்கொண்டு போனாள். நடு அறைகளில் பாதி அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. நுனிக்குப் போகப் போக அடுப்புகள் எண்ணிக்கையில் அதிகம், எரிகிறவை குறைவு. கடைசி அறையில் அடுப்புக்கு மேல் அடுப்பாக அடைந்து கிடந்தது, ஒன்றிலும் கங்கு இல்லை. ஒவ்வொன்றின் காதிலும் குட்டி வளையங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பெரிய கயிற்றைத் தேடினாள், காணவில்லை. குட்டி வளையங்கள் நெருக்கித் தள்ளியதில் இற்று விழுந்திருந்தது.

பவளாயி ஒரு குட்டி வளையத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"நீ என்ன சொல்லறே?" என்று கேட்டாள்.

"என்னை முடி," என்றது வளையம்.

"விறகை எப்பத் தள்ளோணும்?"

"என்னை முடி."

"அடுப்பு அணைஞ்சு போச்சே, தெரியலையா உனக்கு? நான் செத்தா நீயும்தானே சாவே!"

"என்னை முடி," என்றது வளையம். அதற்குக் கோபமும் இல்லை, வஞ்சமும் இல்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பவளாயி அதை அறுத்துப் போட்டாள். அறுப்பதற்குள் பக்கத்து அடுப்பில் நாலு முளைத்தன. "ஏன்டா இப்படிப் பண்ணுனீங்க?" என்று அடுப்புகளைப் பார்த்துக் கத்தினாள். "சீக்கிரமா முடியறவனுக்குத்தான் சாறுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க," என்றது ஒன்று. சாற்றைப் பழையபடி சமமாகக் கொடுக்கிறேன் என்றாள். யார் கேட்பது? கேட்கிற அடுப்பெல்லாம் அணைந்து போயிருந்தது.

ஆறாம் நாள் வாய்க்காலுக்கு அடியில் மண் நெகிழ்ந்தது. முனியன் போய்ச் சொல்லியிருக்கிறான். நங்கைக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டதும் வேலாத்தா பதறியடித்து, ஈர மண்ணுக்குள் நூலை விட்டு, ஒரு பகலும் ஓர் இரவுமாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். அவள் நுனி மஞ்சளாக வெளியே எட்டிப் பார்த்தது.

"நங்கை! கையைக் கொடுங்க. என்ற அடுப்பு நல்லா எரியுது. எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கங்க."

உறவுப் பூசணங்கள் இரண்டு சந்தித்தால் நுனியோடு நுனி சேர்ந்து, நடுச்சுவர் கரைந்து, அடுப்பைப் பகிர்ந்துகொள்வது அன்றைய வழக்கம். கை கோத்தல் என்பார்கள். பவளாயிக்கு உயிர்மேல் ஆசை இல்லாமலா இருக்கும்? வேலாத்தாளின் சூடு மண் வழியாகவே வந்து உறைத்தது. நீட்டினால் போதும். நீட்டியும்விட்டாள். இரண்டு நுனியும் தொட்டு, சுவர் கரையத் தொடங்கியது.

அந்த நொடியில் அவள் நுனி அறையிலிருந்த குட்டி வளையங்களெல்லாம் சரசரவென்று அந்தப் பக்கம் நகர்ந்தன. பவளாயி பார்த்துவிட்டாள். கதவை அடித்துச் சாத்தினாள். நுனி அறையைத் தன் கையாலேயே கருக்கினாள். அந்த இடம் செத்துக் கறுத்து ஒரு கோடாக நின்றது.

வேலாத்தாளுக்கு முகம் விழுந்துவிட்டது. "என்ற கையைத் தட்டிவிடறீங்களா நங்கை? நான் அப்படி என்ன பண்ணிட்டேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலை அம்மிணி. தங்கமான மனசு உனக்கு. என்ற வீட்டு அடுப்புத்தான் கெட்டுப் போச்சு. தொட்டா உன்னுதும் கெடும். கிட்ட வராதே."

நடந்ததையெல்லாம் சொன்னாள். வேலாத்தா கேட்டுவிட்டு அழுதாள். பிறகு, "அப்பப் பானை?" என்று மெல்லக் கேட்டாள்.

பவளாயி அந்தக் கறுத்த கோட்டைப் பார்த்தாள். பானையை இவள் வைத்தால், பானைக்குள் இவள் அடுப்புத்தான் அடியில் இருக்கும். பிள்ளை பிறக்கும்போதே கிழடாகப் பிறக்கும்; தீக்குப் பின் கண் விழித்து, ஒரு பார்கூட ஓடாமல் நிற்கும். எத்தனை வருஷத்து ஆசை!

"பானையை நீ வை," என்றாள்.

"நானா? தாய் நீங்கதானே நங்கை! ஆசைப்பட்டு இருந்தீங்களே!"

"ஆசை இருந்தா ஆச்சா? என்ற புள்ளை ஓடோணும். நான் பொடி தர்றேன். நல்ல கயிறா முடிச்சு முடிச்சாப் பாத்து, முழுசா இருக்கற அடுப்பை மட்டும் பானையில வை. அவசரப்படாதே."

"சரிங். சீர் எத்தனை அடுப்புங்?"

"சீரே இல்லை அம்மிணி."

வரப்பிலிருந்த பூசணமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தன. "வெறுங்கை முழம் போடுமா?" என்று ஒன்று சிரித்தது. "பவளாயி வீட்டுச் சீரைப் பாருங்கடியோவ்!" என்றது இன்னொன்று. ஊரிலேயே பெருமைக்காரி அவள். தலை குனிந்தாள். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

பொடி கட்டும்போது ஒன்று நடந்தது. வேர்ப்பக்கத்துப் பழைய அறையில் ஓர் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பவளாயி அதன் கயிற்றை எடுத்து முடிச்சு முடிச்சாகத் தடவினாள். முழுசு. ஒன்றும் குறையில்லை. இந்த ஒன்றையாவது பொடியோடு வைத்தால் என்ன? பிள்ளையின் உடம்பில் தன் வீட்டுச் சூடு கொஞ்சமாவது இருக்குமே! எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இறக்கி வைத்தாள். மறுபடி எடுத்தாள். கயிறு முழுசாக இருப்பது இன்றைக்கு. நாளைக்கு அந்தச் சோம்பேறித் துண்டு இதிலிருந்தும் கழன்றுகொண்டால்? இவள் இருக்க மாட்டாள் பார்ப்பதற்கு. தன் கையாலேயே அந்த அடுப்பை இருந்த இடத்தில் திரும்ப வைத்தாள். வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

ஏழாம் நாள் பொடியை முனியன் முதுகில் ஏற்றினாள். பொடி என்றால் அதிலும் நாலு அடுப்பு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், உயிரோடு போய்ச் சேர வேண்டுமே. "பானை வாசல் வரைக்கும் அடுப்பு போகட்டும். வாசலோட நிறுத்திப் போடு. ஏடு மட்டும் உள்ள போகோணும், தெரிஞ்சுதா?" என்று முனியனிடம் பத்து தரம் சொன்னாள். முனியன் வாய்க்கால் மேல் கிடந்த சோகையில் நடந்து அந்தப் பக்கம் போனான். வேலாத்தா பானையின் கழுத்தை நீட்டிக் காத்திருந்தாள். ஏட்டை வாங்கி உள்ளே வைத்தாள். அடுப்பை வாசலிலேயே அணைத்துப் போட்டாள். உள்ளே வேலாத்தா ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்த தன் அடுப்புகள் மட்டும் எரிந்தன.

எட்டாம் நாள் வெட்டு. மறுநாள் உச்சி வெயிலில் சோகைக்குத் தீ வைத்தார்கள். வடக்கே பிடித்த தீ காற்றோடு வாய்க்காலைத் தாண்டித் தெற்கேயும் ஓடியது. பவளாயி ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. ஓட அவளிடம் சூடு ஏது? அந்தப் பானை இருந்த திசையைப் பார்த்தபடியே கருகினாள்.

தீ அணைந்து, சாம்பலில் ஒரு தூறல் விழுந்தது. வேலாத்தா வாய்க்கால் சேற்றுக்குள் புதைந்து கிடந்ததால் பிழைத்தாள். பானை வெடித்தது. எட்டுக் கறுப்பு விதை. எட்டும் கண் விழித்தன. எட்டும் ஓடத் தொடங்கின. மூன்றே நாளில் கரிந்த தூரெல்லாம் காவி. சாதாரணக் காவியா? பவளம், அச்சு அசல் பவளம்!

"யார் புள்ளைங்க இது?" என்று வரப்பில் தப்பிப் பிழைத்தவர்கள் கேட்டார்கள்.

"நிறத்தைப் பாத்துமா கேக்கறீங்க?" என்றாள் வேலாத்தா. "பவளாயி புள்ளைங்க. சீர் எங்கேன்னு சிரிச்சீங்களே, இந்த ஓட்டம்தான் நங்கையோட சீர். கண்ணாலயே பாத்துக்கங்க." அந்தச் சாது அப்படிப் பேசி அதற்கு முன்னும் யாரும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஆனால் அந்தச் சோம்பேறித் துண்டு ஒழிந்ததா என்றால், இல்லை. வேலாத்தாளின் கயிற்றிலும் அது இருக்கத்தானே செய்தது. பிள்ளைகள் கயிற்றிலும் இருந்தது. ஒரு முறை கழன்று ருசி கண்ட துண்டு சும்மா கிடக்குமா? பிள்ளைகள் ஓடி ஓடி, ஒரு நாள் ஏதோ ஓர் அவசரத்தில், ஏதோ ஓர் அடுப்பில் அது மெல்லக் கழன்றது. அவர்களுக்கும் நிறம் வெளுத்தது. அதற்குள் அவர்கள் யாரோ ஒருத்தியின் பானைக்குப் பொடி அனுப்பிவிட்டார்கள், பவளாயி அனுப்பியது போலவே, சீர் இல்லாமல்.

அன்று முதல்தான் காவிப் பூசணத்துக்கு மூப்பு வருகிறது. அன்று முதல்தான் அந்நியப் பூசணம் தொட வந்தால் அது தன் நுனியைத் தானே கருக்கிக் கோடு போடுகிறது. அன்று முதல்தான் பிள்ளைக்கு நிறமும் குணமும் இருவர் வழியாக வந்தாலும் உள்ளே எரிகிற அடுப்பு தாய் வீட்டிலிருந்து மட்டும் வருகிறது. தகப்பனானவர், எத்தனை ஆசை இருந்தாலும், தன் அடுப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்.